மறைதலும் அழிதலும்

சென்ற ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில், பல ஆண்டுகளாக என் படிப்புக்கும் எழுத்துக்கும் துணையாக இருந்துவந்த லாப்டாப்பின் உள்ளிருந்து, சுவர்க்கடிகாரத்தின் ஊசல் தட்டுவதைப் போன்ற, ஆனால் அதனினும் வறண்ட ஓர் ஒலி விட்டுவிட்டு எழத் தொடங்கியபோது, அதன் பொருளை நான் அறிந்திருக்கவில்லை. அதற்கு முந்தைய சில வாரங்களிலேயே அறிகுறிகள் தோன்றியிருந்தன என்பதை இப்போது நினைத்துப் பார்க்கையில் உணர்கிறேன். கண நேரத்தில் திறந்துகொண்டிருந்த ஃபைல்கள் நிமிஷக் கணக்கில் காக்கவைத்தன; எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்து நின்று, நான் எழுந்து சென்று தண்ணீர் அருந்திவிட்டு வந்த பிறகு, ஒன்றும் நிகழாததைப் போல மீண்டும் இயங்கியது; நீலத்திரை ஒரு நாள் தோன்றிற்று; ஒரு ஃபோல்டரில் இருந்த பெயர்கள் சில காணாமற்போய் மறுநாள் காணப்பட்டன. இவற்றையெல்லாம் வயதான இயந்திரத்தின் இயல்பு என்று எண்ணிப் பொருட்படுத்தாதிருந்த நான், அந்த ஒலியையும் அவ்வாறே எண்ணி, நிறுத்தியும் மறுபடி இயக்கியும் ஆறேழு முறை முயன்றேன். கடைசி முறை, கரிய திரையில் வெள்ளெழுத்துக்களில், இயக்கத்தக்க டிஸ்க் எதுவும் இல்லை என்ற செய்தி வந்து நின்றது.

அந்த லாப்டாப்பில் இருந்தவை என் கட்டுரைகள் மட்டுமாயின், அவற்றின் இழப்பை இவ்வளவு தூரம் எழுதத்தக்க விஷயமாக நான் கருதமாட்டேன். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் மண்டபத்தில், ஞாயிறுதோறும் மாலையில், எங்கள் ஆசிரியர், மெய்கண்டார் அருளிய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தை அதன் பேருரையோடு சேர்த்துப் பல ஆண்டுகள் பாடம் சொன்னார். பன்னிரண்டு சூத்திரங்களும் நாற்பது வரிகளுமேயான அந்தச் சிறு நூலின் ஒரு சொல்லுக்கு ஒரு மாலை முழுவதையும் அவர் செலவிட்ட நாட்கள் உண்டு. அந்தக் குரலைச் சிறு கருவி ஒன்றில் பதிவு செய்து, வாரந்தோறும் லாப்டாப்பில் சேர்த்துவைக்கும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். ஆசிரியர் சிவபதம் அடைந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அவர் எதையும் எழுதிவைத்தவரல்லர். பதிவுகளுக்கு வேறு பிரதி இல்லை என்பதை அந்தக் கரிய திரையின் முன்னே அமர்ந்திருந்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். கவனத்தோடு காப்பதாக நான் கொடுத்த வாக்கு அந்த இரவில் என் நெஞ்சை அறுத்தது.

மறுநாள் சென்னைக்குச் சென்று, ரிச்சி தெருவின் மாடிக் கடை ஒன்றில், இத்தகைய பழுதுகளை ஆராய்வதில் பயிற்சி பெற்ற ஓர் இளைஞரிடம் லாப்டாப்பைக் கொடுத்தேன். அவர் அதை இயக்கிப் பார்க்கவே இல்லை. "சத்தம் வர ஆரம்பிச்சப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணீங்க சார்?" என்று கேட்டார். நான் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "உள்ள இருக்கறது அழிஞ்சிருக்காது சார். மறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா இனிமே ஒரு தடவைகூட ஆன் பண்ணக் கூடாது" என்றார். சித்தாந்த சாஸ்திரத்தில் அவருக்குப் பரிசயம் இருக்கக் காரணமில்லை. தம் தொழிலின் அனுபவத்திலிருந்து இயல்பாகவே அவ்வாறு பேசினார். ஆயினும், அழிவதும் மறைவதும் ஒன்றன்று என்னும் அந்தப் பேதம், எங்கள் ஆசிரியர் எத்தனையோ மாலைகளில் எங்களுக்கு விளக்க முயன்ற பேதம். அதனை அன்று நான் கேட்டது புதிதாகக் கேட்டதைப் போலிருந்தது.

சைவ சித்தாந்தம் இறைவனுடைய தொழில்களை மூன்றென்று நிறுத்தாமல் ஐந்தென்று கூறுகிறது. படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்றையும் பலரும் சொல்லியிருக்க, அவற்றோடு மறைத்தலையும் அருளலையும் சேர்த்து, மறைத்தல் என்பது அழித்தலில் அடங்காத தனித்தொழில் என்று அது வற்புறுத்துகிறது. ஆடவல்லானுடைய திருவுருவத்தில் இந்தப் பேதம் கண்ணுக்குத் தெரியும்படி அமைந்திருக்கிறது: அழித்தலாகிய சம்ஹாரம் கையில் ஏந்திய அனலில் இருக்கிறது, மறைத்தலாகிய திரோபவமோ முயலகன்மேல் ஊன்றிய திருவடியில் இருக்கிறது, தூக்கிய திருவடியில் அருள் இருக்கிறது. மறைப்பவனும் அருள்பவனும் ஒருவனே என்பதும், மறைத்தலுக்கு மிக அண்மையில் நிற்பது அழித்தலன்று, அருளலே என்பதும் அந்த இரண்டு பாதங்களால் விளங்குகின்றன. என் இளமையில் இதனை நான் அழகிய உருவகம் என்ற அளவில் ரசித்தேனேயன்றி, உலகில் நிகழும் ஒரு காரியத்தைப் பற்றிய துல்லியமான கூற்றாக அதனைக் கொண்டதில்லை.

ஹார்ட் டிஸ்க் என்பது என்னவென்று சற்றுப் பார்க்க வேண்டும். 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உருவாக்கி வெளியிட்ட முதல் சாதனத்தில், இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்று, ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துக்களைத் தாங்கின. இன்று லாப்டாப்பில் இருப்பது இரண்டரை அங்குல அளவினது. கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன தட்டின்மேல் காந்தப் பூச்சு இருக்க, அது பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 முறை சுழல, அதன்மேல் சில நானோமீட்டர் இடைவெளியில், ஒரு தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கேயான உயரத்தில், படிக்கும் தலை மிதக்கிறது. தலை தட்டைத் தொடுவதில்லை, தொட்டால் விபரீதம். தட்டின் எந்த இடத்தில் தான் இருக்கிறோம் என்பதை அறிவதற்காக முன்னரே எழுதப்பட்டுள்ள வழிக்குறிகளைத் தலையானது படித்துக்கொண்டே செல்கிறது. பழுதுற்ற தலை அந்தக் குறிகளைக் காணமாட்டாமல், புறப்பட்ட இடத்துக்கு மீண்டு, மறுபடி தேடி, மறுபடி மீள்கிறது. நான் கேட்ட ஒலி அதுதான். தன் வழியைக் காணாத ஒரு கருவி திரும்பத் திரும்பத் தேடிய ஒலி.

அறிகுறிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தன் ஆரோக்கியத்தைத் தானே கணக்கிட்டுக் கூறும் ஏற்பாடு டிஸ்க்குகளில் உண்டு. ஸ்மார்ட் என்பது அதன் பெயர். பழுதடைந்து மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள் எத்தனை, படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை எத்தனை என்றெல்லாம் அது எண்ணிவைக்கிறது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளில் இரண்டை நான் மறப்பதில்லை. தட்டைப் பரிசோதிக்கும்போது முதற்பிழை காணப்பட்ட டிஸ்க், பிழையற்ற டிஸ்க்கைக் காட்டிலும், அடுத்த 60 நாட்களுக்குள் கெடுவதற்கு 39 மடங்கு அதிக சாத்தியம் உடையது என்பது ஒன்று. கெட்டுப்போன டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இத்தகைய குறிப்பு எதனையும் காட்டாமலே கெட்டன என்பது மற்றொன்று. நியாய சாஸ்திரத்தாரான நையாயிகர்கள் அனுமானத்தைப் பற்றிப் பேசும்போது, புகையுள்ள இடத்தில் நெருப்பு உண்டென்று கூறலாமேயன்றி, நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டென்று கூறலாகாது என்பதற்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை உதாரணமாகக் காட்டுவார்கள். அதில் நெருப்பு நிறைந்திருக்கிறது, புகை இல்லை. குறி தோன்றினால் ஆபத்து நிச்சயம். தோன்றாமையோ க்ஷேமத்துக்குப் பிரமாணமாகாது. புகையைக் கண்டும் நான் நெருப்பை அனுமானிக்கவில்லை. புகையே காட்டாத டிஸ்க்கை உடையவர்களின் நிலை என்னினும் பரிதாபமானது.

இனி, மறைதல் என்பதற்கு வருகிறேன். ஒரு ஃபைலை நாம் நீக்கும்போது, அதன் உள்ளடக்கம் தட்டிலிருந்து துடைக்கப்பட்டுவிடுவதாகவே பெரும்பாலோர் நினைக்கின்றனர். உண்மையில் பழைய முறையான டிஸ்க்குகளில் நிகழ்வது, அட்டவணையிலுள்ள அதன் பதிவில் ஒரு குறி மாற்றப்படுவதும், அது தங்கியிருந்த இடம் இனிப் பிறர்க்கும் உரியதென்று அறிவிக்கப்படுவதுமே. ஃபேட் என்னும் பழைய ஏற்பாட்டில், ஃபைலின் பெயரிலுள்ள முதல் எழுத்தை மட்டும் வேறொரு குறியாக மாற்றி, அதன் பகுதிகளைக் கோத்திருந்த சங்கிலியை அறுத்துவிடுவார்கள். குரலும் சித்திரமும் எழுத்தும் தாம் இருந்த இடத்திலேயே இருக்கும். நாமம் போயிற்று, ரூபம் நின்றது. உலகத்தை நாமரூபப் பிரபஞ்சம் என்று வேதாந்திகள் வழங்குவதைக் கேட்டிருந்த எனக்கு, அந்த இரண்டும் இவ்வாறு பிரியக்கூடியவை என்பதும், ஒன்றை இழந்தமாத்திரத்தில் மற்றதையும் இழந்ததாக நாம் மயங்குகிறோம் என்பதும் அன்றுவரை தோன்றியதில்லை.

இது நீக்கப்பட்ட ஃபைலின் கதை. என் டிஸ்க்கின் கதை வேறு. அதில் எதுவும் நீக்கப்படவில்லை. அட்டவணையும் பொருளும் பெரும்பாலும் இருந்தன. படிக்கும் கருவி கெட்டது. ஆன்மாவானது, மாயையின் காரியங்களான கருவிகளோடு கூடியல்லது எதனையும் அறியமாட்டாது என்பது சித்தாந்தத்தின் துணிபு. சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் ஆன்மாவின் நிலைகளாகிய அவத்தைகளைப் பேசுகிறது; உறக்கத்தில் கருவிகள் ஒடுங்க, அறிவு விளங்காதிருக்கிறது, ஆனால் இல்லாதுபோவதில்லை, விழித்தவன் தான் முன்பு கற்றதை மறுபடி கற்க வேண்டியதில்லை. கருவி கெட்டதா, பொருள் கெட்டதா என்று பிரித்தறிவதே மருத்துவனுக்கு முதற்கடமை. சாஸ்திரிக்கும் அதுவே முதற்கடமை. டிஸ்க்கைப் பழுதுபார்ப்பவர்கள் செய்வதோ இன்னும் வியப்பானது. தூசி வடிகட்டப்பட்ட காற்றுள்ள அறையில் அதன் மூடியைத் திறந்து, அதே வகையைச் சேர்ந்த மற்றொரு டிஸ்க்கிலிருந்து தலைகளைக் கழற்றி இதில் பொருத்தி, இரவல் பெற்ற அந்தக் கருவியால் இதன் பொருளைப் படிக்கிறார்கள். ஆயினும், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அது செய்யப்பட்ட காலத்திலேயே கணித்துப் பதிக்கப்பட்ட தனித்த அளவைகள் அதன் மின்பலகையில் உள்ளன. பலகையை மாற்றுகிறவர்கள் அந்த அளவைகளைப் பழைய பலகையிலிருந்து எடுத்துப் புதியதில் வைக்காவிட்டால், பெரும்பாலும் எதுவும் படிக்கக் கிடைப்பதில்லை. உடல் மாறினாலும் வினை தொடர்வதைப் பற்றி எங்கள் ஆசிரியர் சொல்லிவந்தது என் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றைக் கண்டபோது மற்றது எனக்கு விளங்கிற்று என்றே சொல்கிறேன்.

பொருள் கெடாதிருக்கக் கருவி மட்டும் எவ்வளவு தூரம் கெட முடியும் என்பதற்கு, இந்தத் துறையினர் எல்லோரும் அறிந்த ஒரு சம்பவம் உண்டு. 2003ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியன்று, கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மேலே சிதறி, ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் உயிரிழந்தனர். சுமார் ஆறு மாதங்களுக்குப் பிறகு, வற்றிய ஏரிப்படுகை ஒன்றில், தீயில் கருகி உருக்குலைந்த உலோகத் துண்டு ஒன்றை மீட்புக் குழுவினர் கண்டெடுத்தார்கள். அது ஒரு ஹார்ட் டிஸ்க். ஸெனான் வாயு அதன் மாறுநிலையில், அதாவது திரவத்துக்கும் வாயுவுக்கும் பேதம் மறையும் நிலையில், எவ்வாறு பாய்கிறது என்பதை ஆராய்ந்த சோதனையின் அளவீடுகள் அதில் இருந்தன. அதன் மின்பாகங்கள் எரிந்திருந்தன. தூசி புகாமல் காத்த உறை உருகியதால் உள்ளே அழுக்குப் படிந்திருந்தது. மின்னசோட்டாவிலுள்ள மீட்பு நிறுவனம் ஒன்று அதன் தட்டுக்களைக் கழுவி, புதியதோர் உடலில் பொருத்திப் படித்தது. ஏறத்தாழ 99 சதவீதம் திரும்பக் கிடைத்தது. தட்டின் பழுதுபட்ட பகுதி, நற்பேறாக, எதுவும் எழுதப்படாத பகுதியாக அமைந்திருந்தது. 2008ஆம் ஆண்டில் அந்தச் சோதனையின் முடிவுகள் பௌதிக சஞ்சிகை ஒன்றில் அச்சாயின. வானத்திலிருந்து எரிந்து விழுந்த பொருளிலிருந்து அந்த வேலை முற்றுப்பெற்றது என்பதை முதன்முறை படித்தபோது, சம்ஹாரத்தின் அனலுக்குள்ளும் திரோபவம் தன் காரியத்தைச் செய்துகொண்டிருந்ததாகவே எனக்குத் தோன்றிற்று.

ஆனால் இந்தச் சம்பவத்தில் மற்றொரு பாதியும் உண்டு. அதனை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அதே விண்ணோடத்திலிருந்து கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றையுமே மீட்க முடியவில்லை.

இங்கே நையாயிகர் எழுந்து பேசுகிறார். அபாவம், அதாவது இன்மை, நான்கு வகை என்பது அவருடைய கணக்கு. அவற்றில், குடம் செய்யப்படுமுன் இருந்த அதன் இன்மை பிராகபாவம். அதற்கு ஆரம்பம் இல்லை, முடிவு உண்டு. குடம் உடைந்தபின் வரும் இன்மை பிரத்வம்ஸாபாவம். அதற்கு ஆரம்பம் உண்டு, முடிவு இல்லை. ஒருமுறை நேர்ந்த அழிவு என்றென்றைக்கும் அழிவே என்னும் இந்த வாக்கியத்தின் கொடுமையை, இழந்தவன் மட்டுமே முழுமையாக அறிவான். இதற்குச் சாங்கியரும் சைவரும் கூறும் விடை சற்காரியவாதம்: இல்லது தோன்றாது, உள்ளது அழியாது, எள்ளில் எண்ணெய் முன்பே இருந்ததனால் ஆட்டியபோது வந்தது, மணலை எத்தனை ஆட்டினும் வாராது, அழிவென்று நாம் சொல்வது காரியம் தன் காரணத்தில் ஒடுங்குவதேயன்றி வேறில்லை. மாயையிலிருந்து விரிந்த உலகு மாயையில் ஒடுங்குகிறது; அந்த ஒடுக்கமும் உயிர்களின் இளைப்பை நீக்குவதற்கேயாம் என்று சித்தாந்தம் மேலும் ஒரு படி செல்கிறது. பௌத்தரோ இந்த இருவரையும் மறுத்து, எப்பொருளும் கணந்தோறும் தானே அழிகிறது, அழிவுக்குக் காரணம் தேடுவது வீண் என்பார்கள். அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில், பௌத்தர்களின் நான்கு பிரிவினரோடும் வாதிட்டிருக்கிறார். அந்த வாதத்தின் நுட்பங்கள் இங்கே வேண்டுவதில்லை.

எனக்கு எழுந்த சந்தேகம் இது. தலை தட்டைத் தொட்டு உராய்ந்து, காந்தப் பூச்சைச் சுரண்டித் தூளாக்கிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூள் எங்கும் போய்விடவில்லை. டிஸ்க்கின் உறைக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஓர் அணுவும் குறையவில்லை. சற்காரியவாதி சொன்னபடியே உள்ளது அழியவில்லை. ஆனால் என் ஆசிரியரின் குரல் எங்கே? குரலாக இருந்தது பூச்சு அன்று. பூச்சிலிருந்த நுண்ணிய காந்தத் துகள்கள் எந்தெந்தத் திசையை நோக்கி நின்றன என்னும் வரிசை. அது திரவியமன்று, சந்நிவேசம், அதாவது அமைப்பு. திரவியம் நிலைக்கிறது என்று நிரூபிப்பதனால் சந்நிவேசம் நிலைக்கிறது என்று நிரூபித்ததாகாது. பானை உடைந்தாலும் மண் இருக்கிறதே என்று சொல்வது, பானையைக் கேட்டவனுக்கு ஆறுதலாகுமா?

இருபதாம் நூற்றாண்டுப் பௌதிகம் இந்த இடத்தில் சொன்ன ஒன்று சிந்திக்கத்தக்கது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ரால்ஃப் லாண்டவர் 1961ஆம் ஆண்டில், ஒரு குறியை, அஃது ஒன்றா பூஜ்யமா என்னும் மிகச் சிறிய செய்தியை, அழிப்பதற்குக்கூட இயற்கையில் ஒரு குறைந்தபட்ச விலை உண்டு, அந்த விலை வெப்பமாக வெளியேறியே தீரும் என்று காட்டினார். 2012ஆம் ஆண்டில் பிரான்சின் லியோன் நகரத்து ஆய்வாளர்கள் பரிசோதனையால் அதனை உறுதிப்படுத்தினார்கள். அழிவு என்பது வெறும் இன்மையன்று, அது ஒரு காரியம், அதற்கு ஒரு விளைவு உண்டு என்ற அளவில் இது சற்காரியவாதிக்கு அநுகூலமாகவே இருக்கிறது. ஆயினும் அறையின் வெப்பத்தில் கரைந்துவிட்டதை மனிதர் எவரும் சேகரித்துக் குரலாக்க முடியாது. சர்வஞ்ஞனான இறைவனுக்கு அது மறைந்ததே. நமக்கோ அது அழிந்ததே. இதற்கு மேல் என்னால் செல்ல முடியவில்லை. திரவியத்தைப் பற்றிய அளவில் மெய்கண்டாரின் கட்சியே என் கட்சி. மனிதர் கைக்கு எட்டும் சந்நிவேசத்தைப் பற்றிய அளவில் நையாயிகர் சொன்னதை மறுக்க என்னிடம் யுக்தி இல்லை. பத்தொன்பது வயதில் இதனை நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் அந்த இளைஞரின் முதற்கேள்வி என்னை விடாது தொடர்ந்தது. எத்தனை தடவை இயக்கினீர்கள் என்று அவர் கேட்டதன் பொருளைப் பின்னர் விளக்கினார். பழுதுற்ற தலையோடு தட்டைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும், அதுவரை மறைந்திருந்ததில் ஒரு பகுதி அழிந்ததாக மாறக்கூடும். தவறுதலாக நீக்கிய ஃபைலுக்கும் இதே கதி: இடம் காலியென்று அறிவிக்கப்பட்டபின், நாம் புதிதாக எதை எழுதினாலும், பதறிப்போய் மீட்பு மென்பொருளையே அதே டிஸ்க்கில் கொண்டுவந்து நிறுவினாலும், அது பழையதன்மேல் அமர்ந்து அதனை மீளாதபடி அழித்துவிடலாம். ஒருமுறை முழுமையாக மேலெழுதப்பட்டதை மீட்கும் வழி இன்று இல்லை. மறைந்ததை அழிந்ததாக்கியது யார்? இழப்பை நிகழ்த்திய விதியன்று. இழப்புக்குப் பின் சும்மா இருக்கமாட்டாத நாம். டிஸ்க்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகும் என்று நெடுநாளாக வழங்கும் ஒரு யோசனையும் இந்தப் பதற்றத்தில் பிறந்ததே. வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படிந்து, எஞ்சியிருந்ததும் கெடுவதே பெரும்பாலும் அதன் பயன். சும்மா இருத்தல் என்பதை நம் ஞானியர் பரம சாதனமாகக் கூறியதை நான் ஒருவகைச் சோர்வுக்குச் சமாதானமாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பறிபோன பொருளுக்கு முன்னே கையைக் கட்டிக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அறிந்தவனைத் தேடிச் செல்வது எவ்வளவு கடினமான செயல் என்பதை அந்த ஐப்பசி இரவில் தவறவிட்ட பிறகே அறிந்தேன்.

இப்போது வரும் எஸ்.எஸ்.டி. என்னும் வகையில் சுழலும் தட்டும் இல்லை, மிதக்கும் தலையும் இல்லை. நுண்ணிய அறைகளில் மின்னேற்றமாகச் செய்தி தங்குகிறது. விரைவிலும் உறுதியிலும் அது மேலானதே. ஆயினும், ஒரு ஃபைலை நீக்கியவுடன், அதன் இடம் இனி வேண்டாதது என்று டிரிம் என்னும் கட்டளை அந்தச் சாதனத்துக்குத் தெரிவிக்க, அது தன் ஓய்வு நேரத்தில் அந்த அறைகளை உண்மையாகவே வெறுமையாக்கிவிடுகிறது. மறைத்தலுக்கும் அழித்தலுக்கும் இடையே பழைய டிஸ்க் நமக்கு அளித்திருந்த அவகாசம், பிழை செய்தவன் உணர்ந்து திரும்புவதற்கான அந்தக் காலம், புதியதில் மிகவும் சுருங்கிவிட்டது. இதனை முன்னேற்றம் என்று மட்டும் சொல்லிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் டிஸ்க்கைத் திறந்து தலைகளை மாற்றியபின், அவர்கள் உடனே பதிவுகளைத் தேடத் தொடங்கவில்லை. முதலில் தட்டு முழுவதையும், பகுதி பகுதியாக, அதில் என்ன இருக்கிறதென்று பாராமலே, வேறொரு நல்ல டிஸ்க்கில் பிரதிபிம்பமாக எடுத்தார்கள். எளிதில் படிக்கக் கிடைத்த இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, இடறிய இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில் அவற்றுக்குத் திரும்பி வந்து, மெல்ல மெல்ல, இயன்றவரை எடுத்தார்கள். அதற்குப் பல நாட்கள் ஆயின. பிறகு மூலத்தை எடுத்து வைத்துவிட்டு, பிம்பத்தின்மேலேயே எல்லா ஆராய்ச்சியையும் செய்தார்கள். அட்டவணையின் ஒரு பகுதி பழுதாயிருந்தமையால், பல பதிவுகள் தம் பெயரால் கிடைக்கவில்லை. பெரும்பாலான ஃபைல் வகைகள் தம் தொடக்கத்தில் தம் வகையைக் காட்டும் குறியொன்றைத் தாங்கியிருப்பதனால், அந்தக் குறியைக் கொண்டு அவற்றை அடையாளங்கண்டு, வெறும் எண்களையே பெயராக இட்டுக் கொடுத்தார்கள்.

வேடரிடையே வளர்ந்து தன் குலத்தை அறியாதிருந்த அரசகுமாரனைப் போல, ஐம்புலன்களாகிய வேடரிடத்து அயர்ந்து வளர்ந்த ஆன்மாவுக்கு, இறைவன் குருவாய் வந்து நீ யாரென்று உணர்த்துவதைச் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரம் சொல்கிறது. குமாரனுக்குப் புதிதாக அரசுரிமை அளிக்கப்படவில்லை; என்றும் இருந்தது இன்னதென்று காட்டப்பட்டது. அந்த உவமையை நான் பல முறை கேட்டிருக்கிறேன். பெயரிழந்து எண்களாகத் திரும்பிய அந்தப் பதிவுகளை, மார்கழி முதல் சித்திரை வரை, இரவுகளில் ஒவ்வொன்றாகக் கேட்டு, இது இரண்டாம் சூத்திரத்தின் வினைப்பகுதி, இது கோயில் திருவிழாவுக்கு முந்தைய வாரம், பின்னணியில் நாதஸ்வரம் கேட்கிறது, இது ஆசிரியருக்கு இருமல் கண்டிருந்த காலம் என்று அடையாளம் கண்டு பெயரிட்டபோது, அந்த உவமை எனக்கு வேறு விதமாகக் கேட்டது. 'அவனே இவன்' என்னும் உணர்வுக்குப் பிரத்தியபிஞ்ஞை என்று தர்க்க நூலார் பெயரிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவிலும் முதல் சில வினாடிகளிலேயே அந்த உணர்வு வந்துவிடும். மனம் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, காது அறிந்துவிட்டிருக்கும்.

பெரும்பகுதி திரும்பிவிட்டது. திரும்பியவை இப்போது மூன்று பிரதிகளாக உள்ளன. அவற்றில் ஒன்று என் வீட்டுக்கு வெளியே, வேறோர் ஊரில், என் தங்கை வீட்டில் இருக்கிறது. ஒன்பதாம் சூத்திரத்தின்மேல் ஆசிரியர் பாடம் சொன்ன மூன்று ஞாயிறுகள், தலை தட்டை உராய்ந்த இடத்தில் இருந்தமையால் கிடைக்கவில்லை. இனிக் கிடைக்கமாட்டா என்று சொல்லிவிட்டார்கள். திருவைந்தெழுத்தை ஓதும் முறையை அவர் விளக்கிய அந்த மூன்று மாலைகளிலும், மண்டபத்தின் வடபுறத் தூணருகே அமர்ந்து நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் இருவர் மூவர் உண்டென்று எனக்கு நினைவிருக்கிறது. அவர்களோ, அவர்களை அறிந்தவர்களோ இதனைப் படிக்க நேர்ந்தால், அந்தக் குறிப்புக்கள் எவ்வளவு சிதைந்திருந்தாலும், இப்பத்திரிகையின் முகவரிக்கு ஒரு வரி எழுதுமாறு வேண்டிக்கொள்கிறேன். நானே நேரில் வந்து, அவர்கள் இல்லத்திலேயே இருந்து பிரதி செய்துகொண்டு, நோட்டை அவர்களிடமே விட்டுவிட்டு வருகிறேன்.